அது சைலன்சர்ங்க

ஜனவரி 12

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் மானம் மட்டும் போன வாரத்திலிருந்து சுகமில்லாமல் படுத்திருக்கிறது.

மாவு மில் கிடங்கில் புறா விரட்டுவதுதான் இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி என்று உனக்குத் தெரியும். மாவு இருக்கும் இடத்தில் விஷம் வைக்கக் கூடாது. வலை கட்டலாம் என்றால் கூரை எட்டாத உயரம். அதனால் என் கையில் ஒரு ஏர் கன்னைக் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸ் கேட்காத, காற்றை அடைத்து ஈயக்குண்டு தள்ளுகிற சாதனம். போன வியாழக்கிழமை மேனேஜர், மாவு வாங்க வந்த பெரிய மனிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் திறமையைக் காட்ட இதுதான் சமயம் என்று உத்தரத்தில் இருந்த புறாவுக்குக் குறி வைத்தேன். புறா சௌக்கியம். குண்டு மேலடுக்கு மூட்டையில் பாய்ந்து, மாவு நூல் பிடித்தாற்போல் இறங்கியது. கறுப்புக் கோட்டோடு வந்தவர் வெள்ளைக் கோட்டோடு திரும்பிப் போனார்.

குறி தப்பியது என் தப்பில்லை, சத்தத்தின் தப்பு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு முறை சுட்டால் பத்து முறை கேட்கிறது. அந்த அதிர்ச்சியில் எனக்கே கை ஆடுகிறது. புறாக்கள் மொத்தமாகப் பறந்து, நான் டீ குடிக்கப் போனதும் மொத்தமாகத் திரும்புகின்றன. மூட்டை தூக்குகிறவர்கள் எனக்குச் 'சமாதானம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்ன சமாதானம் அண்ணே, இன்னிக்கும் புறாவோட பேச்சுவார்த்தை தானா?" என்று கேட்கிறார்கள்.

போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. போனை உன் அம்மா பிடித்துக்கொள்கிறாள். என் பங்குக்குக் கடைசியில் ஒரு 'ம்' சொல்லத்தான் நேரம் இருக்கும். அதனால்தான் கடிதம்.

குட்டிக்கு அம்மா கவுன் தைக்கிறாள். அளவு தெரியாததால் எதிர்வீட்டுக் குழந்தையை நிற்கவைத்து அளக்கிறாள். அது எங்களைப் பார்த்தாலே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேத்தியை நேரில் அளந்தால் எல்லாருக்கும் நல்லது. ஜூனில் வா.

உன் அப்பா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து லேத்துக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொண்டார்.

சத்தத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. இந்த நாட்டில் ஏர் கன் வைத்திருப்பவர்கள் அதன் முனையில் ஒரு குழாய் மாட்டுகிறார்கள். உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும். சுட்டால் இருமலை அடக்கிக்கொண்ட மாதிரிதான் கேட்கும். தூண்டில் முள் விற்கிற கடையில் சாதாரணமாகத் தொங்குகிறது. மாட்டாமல் சுட்டால்தான் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். ஒன்று வாங்கினேன். உங்கள் துப்பாக்கி பழையது, திருகு மரை பொருந்தாது. அதனால் ஒரு வளையம் கடைந்து அதில் சேர்த்திருக்கிறேன். நான்கு திருகாணியை முடுக்கினால் உட்கார்ந்துவிடும். பார்சலில் 'அலுமினியக் குழாய்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூன் லீவு உறுதி. குட்டி இப்போதே பையில் ஒரு செருப்பை எடுத்து வைத்திருக்கிறாள். ஒற்றைச் செருப்பு.

உங்கள் மகன்

*

மார்ச் 9

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாள், என்னைத் திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே.

பார்சல் ஆபீஸிலிருந்து வரச்சொல்லியிருந்தார்கள். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆபீசர் சின்ன வயது, நல்ல பையன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெரியவரே, இது என்ன, சைக்கிள் பம்பா?" என்றார். ஆம் என்றால் அப்படியே எழுதிக் கையில் கொடுத்திருப்பார். ஆனால் நீ மெனக்கெட்டுக் கடைந்து அனுப்பியதைப் பம்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்லைங்க தம்பி. பைக்குல பின்னாடி இருக்குமே, சத்தத்தைக் குறைக்க? அதே தான். அது சைலன்சர்ங்க" என்றேன்.

"எதுக்கு, பைக்குக்கா?"

"ஏர் கன்னுக்குங்க. என் பையன் லேத் வேலை. அவனே மரை வெட்டி அனுப்பியிருக்கான்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். அப்புறம் உள்ளே போனார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் உன் வேலைப்பாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பேர், விலாசம், எந்தப் பட்டறை என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று நானே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பெரிய ஆபீசரிடம் காட்டிவிட்டுத் தருகிறார்களாம். எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ கூட வந்தது.

கவுன் மூன்றாகிவிட்டது. சீக்கிரம் வா.

உன் அப்பா

*

மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும்.

அப்பா, அந்த வார்த்தையை ஏன் சொன்னீர்கள்? நமக்கு அது பைக் சமாசாரம். அவர்களுக்கு அப்படியில்லை. இங்கே கடையில் தொங்குகிற பொருள் அங்கே எப்படி என்று நானும் விசாரித்திருக்கவேண்டும். திரும்ப அந்த ஆபீஸுக்குப் போகவேண்டாம். குழாய் போனால் போகட்டும். யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று உடனே எழுதுங்கள். போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

மகன்

*

மே 2

அன்பு மகனுக்கு,

பதில் தாமதம். எழுதுகிற மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது பெரிய மேசை.

நாங்கள் நலம். போனை ஒரு இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டும் என்று எடுத்துப் போயிருக்கிறார். அதில் இருப்பதெல்லாம் உன் அம்மா உன்னிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்டது. கேட்டுக் கேட்டு அவருக்குப் பசி எடுக்கட்டும். வீட்டையும் பார்த்தார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்ட போலீஸ்காரரிடம் அம்மா, "விட்டதுதான் விட்டீங்க, அடியில வண்டு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

சட்டம் எனக்கு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. ஏர் கன் வைத்திருக்கலாம். சுடலாம். சுட்டுத் தெருவையே எழுப்பலாம். மெதுவாகச் சுட்டால்தான் குற்றம். வக்கீலிடம் இதைக் கேட்டேன். "சத்தம் போடாம சுடுறவன் எதையோ மறைக்கிறான்னு சட்டம் நெனைக்குதுங்க" என்றார். நான் மறைக்க நினைத்தது என் குறியை மட்டும்தான்.

கிடங்கு வேலைக்கு இப்போது போகவில்லை. புறாக்கள் என்னைத் தேடுவதாக மூட்டைக்காரர்கள் வந்து சொன்னார்கள். சின்ன விஷயம், தானாகச் சரியாகும்.

வீட்டில் ஓடு மாற்றுகிறோம். எங்கே பார்த்தாலும் தூசி, குழந்தைக்கு ஆகாது. ஜூன் வேண்டாம்.

குட்டிக்கு முத்தம்.

உன் அப்பா

*

மே 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே சுகம் என்று நீங்கள் எழுதியதை நம்ப முயல்கிறேன்.

நம் வீட்டுக்கு ஏது ஓடு? சிமென்ட் கூரை, அப்பா. நானும் மேலே ஏறித் தார் பூசியிருக்கிறேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. உங்கள் கடிதம் எப்போதும் 'வா' என்றுதான் முடியும். போன கடிதத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன், அந்த எழுத்து இல்லை. என்மேல் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். ஒற்றைச் செருப்போடு குட்டி தினமும் வாசலுக்குப் போகிறாள்.

மகன்

*

மே 30

கண்ணு,

அம்மா எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. நான் நல்லா இருக்கேன், மூச்சு கொஞ்சம் அதிகம்தான். உங்கப்பா இப்ப கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். ஒவ்வொரு திங்கக்கிழமையும் போகணும். அவர் வர்றதுக்குள்ள எழுதி முடிக்கணும்.

அவர் சொல்லமாட்டார், நான் சொல்றேன். கேஸுல அவர் ரெண்டாவது ஆள். முதல் ஆள் நீ. பார்சலை வாங்கினவருக்கு ஜாமீன் உண்டாம், அனுப்பினவனுக்குக் கிடையாதாம். வெளிநாட்டுலேர்ந்து துப்பாக்கிச் சாமான் அனுப்பினதா எழுதியிருக்காங்க. நீ விமானத்தை விட்டு இறங்கினா அங்கேயே பிடிப்பாங்க. வருஷக்கணக்குல உள்ள வைப்பாங்கன்னு வக்கீல் சொல்றார். அதுக்குத்தான் ஓடு, தூசி, எல்லாம்.

ஒரே ஒரு வழி இருக்கு. அந்தக் குழாயைச் சோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்காங்க. நிஜத் துப்பாக்கிக்கு அது உதவாதுன்னு எழுதி வந்தா, அது வெறும் குழாய்தான். உங்க ரெண்டு பேர் பேரும் போயிடும். அது வர்ற வரைக்கும் நீ அசையக் கூடாது.

உங்கப்பா வெளியில எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். வீட்டுக்குள்ள வந்தா பேச்சே இல்லை. முந்தாநாள் கண்ணாடி முன்னாடி நின்னு, 'பம்புங்க, சைக்கிள் பம்புங்க'ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். நான் பாத்ததை அவர்கிட்ட சொல்லலை. நீயும் கேக்காத.

அம்மா

*

ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நானில்லை, மன்னியுங்கள்.

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னது என்று அம்மாவிடம் கேட்கவேண்டாம். வாங்கியது நான், கடைந்தது நான், அனுப்பியது நான். நீங்கள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, நான் இங்கே சாப்பிட்டுத் தூங்குகிறேன். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நேரே கோர்ட்டுக்குப் போய், அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொல்கிறேன். சோதனைச் சாலையும் நிச்சயம் நம் பக்கம்தான் சொல்லும். அந்தக் குழாய் தகர டப்பாவைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். நிஜத் துப்பாக்கியின் வேகத்தை ஒரு நொடி தாங்காது. அது எனக்குத் தெரியும், அப்பா. இது என் தொழில்.

மகன்

*

ஜூலை 8

மகனுக்கு,

நாங்கள் நலம்.

சோதனைச் சாலையின் பதில் வந்துவிட்டது. நீ செய்த வளையத்தைக் கழற்றிவிட்டு, குழாயை நிஜத் துப்பாக்கியில் மாட்டிச் சுட்டிருக்கிறார்கள். முதல் குண்டுக்குச் சத்தம் குறைந்தது. இரண்டாவது குண்டுக்குக் குழாய் வெடித்துச் சிதறியது. நீ சொன்னது சரி. ஆனால் சட்டத்துக்கு முதல் குண்டு போதும் என்கிறார் வக்கீல்.

நீ வந்து எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதில் பயனில்லை. எல்லாம் தெரியும் என்று நானே என் வாயால் பார்சல் ஆபீஸில் சொல்லி, அவர்கள் எழுதிவிட்டார்கள். கீழே என் கையெழுத்து இருக்கிறது. நீ வந்தால் நீ உள்ளே போவாய், நான் கேஸிலிருந்து வெளியே வரமாட்டேன். கேஸ் முடிய ஏழு எட்டு வருஷம் ஆகலாம். முடிந்தாலும் உனக்குச் சாதகமாக முடியும் என்று வக்கீலே சொல்லவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. உன்னைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அப்பா

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, எவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருப்பீர்கள் என்று. கடைசி வரியை நான் நம்பவில்லை. ஆனால் கீழ்ப்படிந்தேன்.

பத்தாம் தேதி காலை பெட்டியோடு வாசல் வரை போனேன். உங்கள் மருமகள் குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். பெட்டியை வைத்துவிட்டேன். ஷிப்டுக்குப் போனேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று முழுக்க மரை வெட்டினேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

பட்டறையில் இன்னும் ஆறு வருஷ வேலைக்கு ஒப்பந்தக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வேறென்ன செய்ய? குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. தாத்தாவோடு பேசவேண்டும் என்கிறாள். போன் கிடைத்ததா?

மகன்

*

நவம்பர் 19

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுவது பழக்கம், எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு படி ஏறினால் உட்காரவேண்டும். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். மற்றபடி சரிக்குச் சரி.

போன வாரம் கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் அலுமினியத் துண்டுகள். மாவு சலிக்கிறபோது மேலே நிற்குமே, அந்த மாதிரி. "இது என்னன்னு தெரியுதா?" என்று அரசாங்க வக்கீல் கேட்டார். எட்டு மாதமாகக் கண்ணாடி முன்னால் பழகியதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பம்பு என்று சொல்ல அது பம்பு மாதிரியும் இல்லை. "தெரியலைங்க" என்றேன். அது உண்மைதான். வாய்தா வாங்கி, அடுத்த வருஷம் வரச்சொல்லிவிட்டார்கள்.

கிடங்கில் என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. டேப் ரெக்கார்டரில் பருந்துச் சத்தம் போட்டு விரட்டுகிறானாம். சத்தத்துக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. மூட்டைக்காரர்கள் தெருவில் பார்த்தால், "சமாதானம் அண்ணே, கேஸ் எப்போ முடியும்?" என்கிறார்கள். "எனக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் போட்டி" என்கிறேன். முன்பெல்லாம் சிரிப்பார்கள்.

கவுன்களை எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள் அம்மா. அதன் அளவுக்குத் தைத்ததுதானே, கச்சிதமாக இருக்கிறது. நேற்று மஞ்சள் கவுனோடு தெருவில் ஓடியது. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். தையல் மிஷினுக்கு உறை போட்டாயிற்று.

இந்தக் கடிதம் ஒரு விஷயத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வீட்டு போனில் நீ பேசினாய் அல்லவா? அம்மா பேசி, மூச்சு வாங்கி, போனை என்னிடம் கொடுத்தாள். நீ குட்டியிடம் கொடுத்தாய். இவ்வளவு தெளிவாகப் பேசுவாள் என்று நான் நினைக்கவேயில்லை. "தாத்தா, என்கிட்ட இன்னொரு செருப்பும் இருக்கு. ரெண்டையும் போட்டுக்கிட்டேன். நான் வரட்டுமா?" என்றாள்.

பதில் வராததால் நீ போனை வாங்கி, "அப்பா, லைன் இருக்கா? கட்டாயிடுச்சா?" என்று கேட்டுக்கேட்டு வைத்துவிட்டாய்.

லைன் கட்டாகவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். அவள் மூச்சு விடுவது கூடக் கேட்டது. போனில் இத்தனை வருஷமும் என் பங்குக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். வாயைக்கூடத் திறக்காமல் சொல்லிவிடலாம். உதடு வரை வந்துவிட்டது. அந்த 'ம்'மை நான் சொல்லவில்லை.

உன் அப்பா